மேரன் யார் கணக்கில்

வேட் ஹெய்கினனும் கோரினும் பிரிந்தபோது நீதிமன்றத் தீர்ப்பில் எல்லாவற்றையும் பிரித்து எழுதியிருந்தார்கள். வீடு யாருக்கு, படகு யாருக்கு, மகள் எங்கே வளர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. மகள் மேரன் அம்மாவோடு இருப்பாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை அப்பாவோடு. வருமான வரிக் கணக்கில் அவளைத் தன்னை நம்பியிருக்கும் பிள்ளையாகக் காட்டிச் சலுகை வாங்கிக்கொள்ளும் உரிமை, இரட்டைப்படை ஆண்டுகளில் அம்மாவுக்கு, ஒற்றைப்படை ஆண்டுகளில் அப்பாவுக்கு.

முதல் இரண்டு வருஷம் இதற்காக வக்கீல் வரைக்கும் போய்ச் சண்டை போட்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. அப்பாவின் முறை வரும்போது கோரின் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, மடித்து, மேரனிடமே கொடுத்தனுப்புவாள். மேரன் வேட்டின் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அதை எடுத்து நீட்டுவாள்.

"அப்பா, இந்த வருஷம் நான் உன் பிள்ளையாம். அம்மா சொல்லச் சொன்னா."

"மத்த வருஷமெல்லாம் யார் பிள்ளையாம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னக் காட்டித்தான உனக்குப் பணம் வருது, அதுல எனக்கு என்ன பங்கு?"

பங்கு என்பது அப்பாவின் ஊரான இஷ்பெமிங்கின் கடைத்தெருவில் ஒரு புது ஜோடி பனிச்சறுக்குக் காலணியில் முடியும்.

அவளுக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்த ஓர் ஒற்றைப்படை ஆண்டில், மார்ச் மாதம், அப்பா வீட்டுக்கு வந்த வார இறுதியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வேட் எழுப்பியபோது அவள் சரியாக எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. கிருமி இதயத் தசையில் இறங்கிவிட்டது என்றார்கள். மதியத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

இறுதிச் சடங்கில் வேட்டும் கோரினும் பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் இஷ்பெமிங்கில் இருந்தான். அவள் பக்கத்து ஊரான நெகானியில் பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். இரண்டு ஊருக்கும் நடுவே காரில் கொஞ்ச நேரம்தான். வேட் ரொட்டி வாங்கக்கூட அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டான்.

அடுத்த குளிர்காலம் வந்தது. வேட் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். எங்கள் பக்கத்தில் பனி ஆளுயரத்துக்கு விழும். லாரிக்காரர்கள் வேலை முடித்து வந்து கொட்டகையில் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிப்ரவரி மாதம் அங்கே வேறு பேச்சே இருக்காது. முந்தின வருஷக் கணக்கில் யாருக்கு எவ்வளவு வரி திரும்பி வரும், வந்தால் என்ன வாங்கலாம் என்பதுதான் பேச்சு. ஒரு நாள் கோர்டி என்கிற சக ஓட்டுநர் புலம்பிக்கொண்டிருந்தான். இரண்டு முறை கல்யாணமாகி இரண்டும் முறிந்தவன் அவன்.

"மூணு பிள்ளையப் பெத்தேன். ஒண்ணக்கூடக் கணக்குல காட்ட விடமாட்டேங்கறாளுங்க. சரி, நாய் ஒண்ணு என்கிட்டதான இருக்கு, அதக் காட்டலாம்னு பாத்தா, அதுக்கு அரசாங்க நம்பர் வேணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கோர்டி திரும்பியபோது மூலையில் வேட் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டான். சிரிப்பு நின்றது.

"டேய், மன்னிச்சுக்கடா. யோசிக்காமப் பேசிட்டேன்."

"பேசுடா," என்றான் வேட். "எல்லாரும் என்னப் பாத்ததும் பேச்ச நிறுத்துறீங்க பாரு, அதுதான் தாங்க முடியல."

அந்தப் பேச்சு வரும்வரை வேட்டுக்கு வரிக் கணக்கு ஞாபகமே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கடைசியாகத் தன் கணக்கில் காட்டியிருந்த பெயரைக் கம்ப்யூட்டர் தானாகவே கொண்டுவந்து நிறுத்தியது. மேரன் ஜாய் ஹெய்கினன், மகள். கீழே ஒரு சின்னக் கேள்வி. இந்தப் பிள்ளை கணக்கு ஆண்டில் இறந்துவிட்டதா? பக்கத்தில் ஒரு கட்டம். அதில் குறி போட்டுவிட்டு அவன் எழுந்து போய், குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வந்தான். கோரின் அனுப்புகிற தாள் அந்த வருஷம் வரவில்லை. கேட்கவும் அவனுக்கு மனமில்லை. தீர்ப்பில் தன் முறை என்று இருக்கிறது, அது போதும் என்று நினைத்துக்கொண்டு கணக்கை அனுப்பிவிட்டான்.

மறுநாள் கணக்கு திரும்பி வந்தது. இந்தப் பிள்ளையின் அரசாங்க அடையாள எண்ணான சோஷியல் நம்பரை வேறொருவர் தம் கணக்கில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார், ஆகவே ஏற்க முடியாது என்று ஒரு வரி.

அந்த வேறொருவர் யார் என்று யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மேரன் போன நாளிலிருந்து வேட் யார் மீதும் கோபப்பட்டதில்லை. கோபப்படத் தனக்கு யோக்கியதை இல்லை என்று இருந்தான். இப்போது கோபம் வந்தது. கொட்டகையில் லாரியின் முன் தகட்டில் ஒட்டியிருந்த பனிக்கட்டியை இரும்புக் கம்பியால் போட்டு அடித்தான். கோர்டி வந்து கம்பியைப் பிடித்தான்.

"தகடு அரசாங்கத்துதுடா. என்ன விஷயம்?"

வேட் சொன்னான்.

"விட்டுத்தள்ளு. பணம்தான."

"பணமில்ல."

"பின்ன என்ன?"

"என் முறைடா இது. கடைசி முறை. இதுக்கப்புறம் எனக்கு முறையே கிடையாது."

கோர்டி கம்பியை விட்டுவிட்டான்.

அன்று மாலை வேட், லோர்னா பெல்டோ என்பவளின் கடைக்குப் போனான். கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பாஸ்டி விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்த வாசல்தான் லோர்னாவின் வரிக்கணக்குக் கடை. அறுபது வயதுக்கு மேல் ஆனவள். வேட்டும் கோரினும் சேர்ந்திருந்த காலத்தில் அவர்களுடைய கணக்கை அவள்தான் எழுதினாள். மேரன் பிறந்த வருஷம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள்.

"உக்காருப்பா," என்றாள். அவன் சொன்னதைக் கேட்டாள். திரும்பி வந்த கணக்கைப் படித்தாள். "கோரின் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கா?"

"இல்ல. ஆனா கோர்ட்ல என் முறைன்னு இருக்கு."

"இருக்கும். வரி ஆபீஸ்காரன் அதப் பாக்க மாட்டான், வேட். பிள்ள யார் வீட்ல அதிக நாள் தூங்குச்சு, அதத்தான் கேப்பான். அந்த அம்மாவோ அப்பாவோ எழுதி விட்டுக்கொடுத்தாத்தான் மத்தவங்களுக்கு. நீ ஒத்துக்கலன்னா கோர்ட்டுக்குப் போலாம். அது அவமேல வழக்குப் போடறது."

"அவ போனது மார்ச்ல. அதுக்கப்புறம் யார் வீட்லயும் தூங்கலயே."

லோர்னா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அதுக்கும் சட்டத்துல எழுதி வச்சிருக்கான். நடுவுல இறந்துபோன பிள்ள, இருந்தவரைக்கும் எந்த வீட்ல இருந்துச்சோ, வருஷம் பூரா அந்த வீட்லயே இருந்ததாத்தான் கணக்கு."

"வருஷம் பூராவா?"

"டிசம்பர் கடைசி வரைக்கும்."

யாரோ சம்பளத்துக்கு உட்கார்ந்து எழுதிய ஒரு விதி. அதன்படி கோடை விடுமுறை, பள்ளி திறப்பது, கிறிஸ்துமஸ் என்று அந்த வருஷத்தின் எல்லா நாளிலும் மேரன் நெகானி வீட்டில் இருந்திருக்கிறாள். அந்த வீட்டில் கோரினும் இருந்திருக்கிறாள், தனியாக. இத்தனை மாதமாக வேட் அதை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"போய் அவகிட்டப் பேசு," என்றாள் லோர்னா. "இதுக்கு நான் காசு வாங்கல. பேசிட்டு வா, அப்புறம் வாங்கிக்கறேன்."

சனிக்கிழமை காலை அவன் போனான். கோரின் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். இளைத்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"கால்ல பனியத் தட்டிட்டு வா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுக்களை மேசையில் காப்பி ஊற்றி வைத்தாள். ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியை வெட்டி வைத்தாள். இருவரும் அதைத் தொடவில்லை.

"நீ அவள உன் கணக்குல காட்டிட்ட," என்றான் வேட்.

"ஆமா."

"என் முறை அது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

கோரின் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஜனவரில உக்காந்தேன். இந்தத் தடவ உன் முறைங்கறது ஞாபகம் இருந்துச்சு. உனக்குத் தாள் அனுப்பணும்னுதான் இருந்தேன். ஆனா அவ பேரு வந்து நின்னுச்சு. பக்கத்துல சின்னதா ஒரு குப்பைத்தொட்டிப் படம். வேணாம்னா அத அழுத்தணும். என்னால அழுத்த முடியல, வேட். நான் விரல வச்சு அழுத்தி, என் கண்ணு முன்னாடியே அவ பேரு காணாமப் போகணுமா? அப்படியே விட்டுட்டு அடுத்த பக்கம் போயிட்டேன். பணம் வந்துச்சு. பேங்க்ல அப்படியே கிடக்கு. வேணும்னா எடுத்துக்க."

"பணத்துக்கு வரல."

"அப்பறம் எதுக்கு வந்த?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்றான்.

"யார்கிட்ட? பெட்டி பக்கத்துல நின்னப்பகூட நீ என்னப் பாக்கல. செவுத்தப் பாத்துட்டு நின்ன. ஒரு போன் கிடையாது. ஒரு வருஷமாகப் போகுது."

"உன் மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்ல."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியும்."

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கோரின்தான் பேசினாள்.

"என்கிட்ட இருந்திருந்தா சனிக்கிழம சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன், புள்ள பொழச்சிருப்பா. நான் இப்படித்தான் நெனைக்கறேன்னு நீ நெனைக்கற."

"நெனைக்கறியா?"

"தெனமும் நெனச்சேன். அப்பறம் இலையுதிர்ற நேரத்துல அந்த டாக்டரப் போய்ப் பாத்தேன். சனிக்கிழம வந்திருந்தாலும் நெஞ்சு நல்லாருக்கு, தண்ணி நெறையக் குடுங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருப்போம்னு சொன்னாரு. அவருக்கே உறுதியாத் தெரியலன்னும் சொன்னாரு. அதுக்கப்பறம் கொறஞ்சுச்சு. நின்னுடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

வேட் தலையை ஆட்டினான். அடி விழும் என்று ஒரு வருஷமாகக் குனிந்தே நடந்தவனுக்கு அது ஒருவழியாக விழுந்துவிட்டது. நினைத்த அளவு வலிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு சொல்லு," என்றாள் கோரின். "வெள்ளிக்கிழம உன் வண்டில ஏறினா. கையக்கூட ஆட்டல, போனப் பாத்துட்டே போயிட்டா. அதுக்கப்பறம் எனக்கு ஆம்புலன்ஸ்தான் தெரியும். நடுவுல என்ன பண்ணா? யாரும் எனக்குச் சொல்லல. உன்னத் தவிர யாருக்கும் தெரியாது."

வேட் அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை. கோர்டிகூடக் கேட்கவில்லை. சொல்லத் தொடங்கியபோது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சூப்பிலிருந்து ஆரம்பித்தான்.

"சனிக்கிழம கோழி சூப் கேட்டா. டப்பா சூப்தான். கேரட்ட மட்டும் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சா."

"வைப்பா."

"மாடில படுக்க மாட்டேன்னுட்டா. மெத்தைய இழுத்துட்டு வந்து டிவி முன்னாடி போட்டேன். ஹாக்கி பாத்தோம். நம்ம டீம் ரெட் விங்ஸ் தோத்துட்டு இருந்தாங்க. 'இவங்களுக்குக் காய்ச்சலா எனக்குக் காய்ச்சலா'ன்னு கேட்டா."

கோரின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது.

"அப்பறம் என் வேலையப் பத்திக் கேட்டா. எல்லாமே வெள்ளையா இருக்கறப்ப ரோடு எங்க இருக்குன்னு எப்படிப்பா தெரியும்னா. ஓரத்துல கம்பு நட்டு வச்சிருப்போம்னு சொன்னேன். கம்பும் மறைஞ்சுட்டான்னு கேட்டா. அப்ப மெதுவாப் போவேன்னேன். நான் நாற்காலிலயே தூங்கிட்டேன். நடுராத்திரில எழுப்பினா. நீ விடற கொறட்டைக்குக் காய்ச்சலே பயந்து ஓடிடும்னா. தண்ணி குடுத்தேன். இப்ப பரவால்லப்பா, காலைல பான்கேக் சுடுன்னா. நெத்தி சூடு கொறஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, கோரின். கொறஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

"சரி."

"காலைல—"

"காலைல வேணாம். அது எனக்குத் தெரியும்." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அல்லது இனிமையாக ஏதாவது கட்டிச் சொல்லலாம். ஆனால் மேரன் நிஜமாகவே சொன்னது ஒன்று இருந்தது. அதைத்தான் அவன் யாருக்கும் தெரியக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தான்.

"வெள்ளிக்கிழம சாயங்காலம் சௌனா நீராவி ரூம்ல வேர்க்க வேர்க்க உக்காந்துட்டு, தலையக்கூடத் தொடைக்காம வெளிய ஓடிப் பனில விழுந்து பொரண்டா. நான் கத்தறதுக்குள்ள ரெண்டு தடவ பொரண்டுட்டா. முடியெல்லாம் கம்பி மாதிரி வெறைச்சுப் போச்சு. உள்ள வந்து, 'அம்மாகிட்டச் சொல்லிடாத, என்னக் கொன்னுடுவா'ன்னா."

சொல்லிவிட்டு அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"ஈரத் தலையோடயா?" என்றாள் கோரின்.

"டாக்டர்கிட்ட அன்னிக்கே சொன்னேன். அதனால இல்லன்னாரு."

"தெரியும். நான் பல் ஆஸ்பத்திரில வேல பாக்கறவ. ஈரத் தலைல கிருமி வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொன்னவள் சிரித்தாள். "கொன்னுருப்பேன். நெஜமாக் கொன்னுருப்பேன்." சிரிப்பு முடியும் முன்பே அழுகை வந்துவிட்டது. அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. வேட் எழுந்து போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. கடைசியில் தோளில் கை வைத்தான். அவள் தட்டிவிடவில்லை.

கிளம்பும்போது அவன் சொன்னான்: "கணக்கு அப்படியே இருக்கட்டும். மாத்த வேணாம்."

"இல்ல," என்றாள். "உன் முறை. நான் எடுத்துக்கிட்டேன். லோர்னாகிட்டப் போவோம்."

செவ்வாய்க்கிழமை இருவரும் தனித்தனி வண்டியில் வந்து லோர்னாவின் மேசைக்கு எதிரே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கோரின் தன் கணக்கைத் திருத்தித் தருகிறேன், விட்டுக்கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

"போடலாம்," என்றாள் லோர்னா. "அப்ப பிள்ளைக்கு உண்டான சலுகை வேட்டுக்குப் போகும். நீ வாங்கினதுல ஒரு பங்கு திருப்பிக் கட்டணும். ஆனா கோரின், உன் கணக்கிலேர்ந்து அவ பேர் போயிடாது."

"அதெப்படி?"

"தனியா இருந்து பிள்ளைய வச்சுக் குடும்பம் நடத்தறவங்கன்னு ஒரு வகை இருக்கு. அவங்களுக்கு வரி கொஞ்சம் கம்மி. பிள்ளைக்கான சலுகைய அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தாலும், பிள்ள உன் வீட்ல இருந்ததால நீ அந்த வகைதான். அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. அந்தப் பிள்ளையோட பேர அங்க எழுதியே ஆகணும்."

"ரெண்டு பேர் கணக்குலயும் அவ இருப்பாளா?" என்றான் வேட்.

"இருப்பா."

"ஏமாத்து வேல ஒண்ணும் இல்லயே?" என்று கோரின் கேட்டாள்.

"நான் அப்படிப்பட்ட வேல செய்யறதில்லம்மா. அரசாங்கம் வச்ச வழிதான் இது. பிரிஞ்சவங்க நெறைய பேருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிஞ்சுக்கற அளவுக்கு ஒரே மேசைல உக்கார மாட்டாங்க."

லோர்னா இரண்டு கணக்கையும் தட்டச்சு செய்து அச்சிட்டாள். வேட் தன் தாளில் மகளின் பெயர் இருந்த வரியைப் பார்த்தான். கோரின் அவள் தாளில் பார்த்தாள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு ஒருவர் மற்றவருடையதைப் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்கும் தாளில் 'இனி வரும் ஆண்டுகளுக்கும்' என்று ஒரு பகுதி இருந்தது. கோரினின் பேனா அந்த இடத்துக்கு வந்து நின்றது.

"அத விட்டுடும்மா," என்றாள் லோர்னா. "அது வேணாம்."

வெளியே வந்ததும் பாஸ்டி கடை வாசலில் நின்றார்கள். கோரின்தான் தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுத்தாள். மேரனைப் புதைத்த இடத்தில் இன்னும் கல் வைக்கவில்லை. கல்லறைக்காரர் இலையுதிர் காலத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டிருந்தார். மற்றவர் பதில் போடுவார் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். தகரத்தில் எழுதிய ஒரு சின்னப் பலகைதான் அங்கே நின்றுகொண்டிருந்தது. இப்போது அதுவும் பனிக்கடியில்.

"எங்கிட்ட வர்ற பணத்த அதுக்குப் போடறேன்," என்றான் வேட்.

"பாதி நான் போடறேன்."

"சரி."

"ரோஜாப்பூ, தேவதைன்னு ஒண்ணும் செதுக்கக் கூடாது. அவளுக்குப் பிடிக்காது."

"கூடாது."

மே மாதக் கடைசியில்தான் மண் இளகியது. ஜூனில் கல் வந்தது. எங்கள் ஊர் மலையின் கறுப்புக் கல், இடுப்பு உயரம். பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும். கல்லை இறக்குவதற்கு கோர்டி தன் வண்டியும் சங்கிலியும் கொண்டுவந்தான். அன்று முழுக்க அவன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. கல் நேராக நிற்கிறதா என்று கோரின் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்றாள். வேட் மண்டியிட்டு அடியில் சரளைக் கல்லைத் தள்ளி இறுக்கினான்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"சரியாயிடுச்சு."

கொசு மொய்க்கத் தொடங்கியிருந்தது. கோரின் தன் காரில் நெகானிக்குப் போனாள். வேட்டும் கோர்டியும் மிச்ச மண்ணை வாரி வண்டியில் போட்டுக்கொண்டு இஷ்பெமிங்குக்குத் திரும்பினார்கள்.